மேற்கு வானில் தெரிந்தது தஜ்ஜாலின் வாகனமா?



2025 பிப்ரவரி நடுப்பகுதி. ஷஅபான் மாதம். பாரிவாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் இஷா தொழுதுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, ஏரிப்பக்கம் மேற்கு வானில் ஓர் ஒளி நின்றிருந்தது. விமானம் போல அது நகரவில்லை. விண்மீன் போலச் சிமிட்டவுமில்லை. மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்களை அன்றாடம் பார்த்துப் பழகிய கண்களுக்கும் அது புதிதாகவே பட்டது. ஒரு சகோதரர் தம் கைபேசியில் அதைப் பெரிதாக்கிப் படம் பிடித்தார். திரையில் நடுங்கும் ஒரு வெண்தட்டு தெரிந்தது. அந்த நாற்பது வினாடிக் காணொளி மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. அரை மணி நேரத்துக்குள் அதன் கீழே, எங்கிருந்தோ வந்த ஏழு நிமிடக் குரல்பதிவு ஒன்றும் ஒட்டிக்கொண்டது. பறக்கும் தட்டுகள் தஜ்ஜாலின் வாகனங்கள் என்றும், பெர்முடா முக்கோணத்திலிருந்து அவை புறப்பட்டுவிட்டன என்றும், இனி எஞ்சியிருப்பது மாதக் கணக்குதான் என்றும் அந்தக் குரல் சொன்னது. பேசியவர் யார், எந்த ஊர், எந்த மதரஸாவில் ஓதியவர் என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. அழகிய அரபி உச்சரிப்பு, தழுதழுத்த தொண்டை, பின்னணியில் காற்றின் ஊளை. அவ்வளவு போதுமானதாக இருந்தது.

என் தங்கை மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச் 3ஆம் தேதி பொதுத்தேர்வு. அந்தக் குரல்பதிவைக் கேட்ட இரவிலிருந்து பிள்ளை உறங்கவில்லை. மூன்றாம் நாள் தங்கை என்னை அழைத்தாள். போய்ப் பார்த்தால், புத்தகங்களைக் கட்டி அலமாரியின் மேல் வைத்துவிட்டு, "எல்லாம் முடியப் போகுதுன்னா இதைப் படிச்சு என்ன ஆகப் போகுது மாமு?" என்று கேட்கிறாள். கண்ணில் அழுகை இல்லை. அழுது முடித்த களைப்பு இருந்தது. அவளுடைய கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் தடுமாற்றமானது. ஆகவே இப்போது விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒளி. அது வெள்ளிக்கோள். அந்த ஆண்டின் பிப்ரவரி நடுவில் வெள்ளி தன் ஒளியின் உச்சத்தில் இருந்தது. சூரியன் மறைந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேலும் மேற்கில் நின்றது. அதைக் கைபேசியில் இழுத்துப் பெரிதாக்கினால் குவியம் தப்பி, புள்ளி தட்டாக விரியும். நம் வளிமண்டலத்தின் அசைவில் அந்தத் தட்டு நடுங்கும். விரும்புவோர் எந்தப் பிரகாசமான கோளை வைத்தும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

படம் எடுத்த சகோதரரை நான் குறை சொல்லவில்லை. அவரைவிடக் கூர்ந்த கண்கள் ஏமாந்திருக்கின்றன. 2012 இறுதியில் லடாக் எல்லையில் இருந்த நம் இராணுவத்தினர், இரவு வானில் இரண்டு ஒளிகள் வந்து போவதைக் கண்டு, அவை சீன உளவு விமானங்கள் என்று ஐயுற்றனர். ஏறத்தாழ ஆறு மாதம் அவற்றைக் கண்காணித்து 329 முறை கண்டதாகவும், அவற்றில் 155 முறை எல்லைக் கோட்டைக் கடந்ததாகவும் பதிவு செய்தனர். பின்னர் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரிடம் கேட்டனர். அவர்கள் ஆராய்ந்து சொன்னார்கள்: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. 2013 ஜூலையில் இச்செய்தி வெளியானபோது பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறியாத ஒன்றைக் கண்டார்கள், குறித்து வைத்தார்கள், அறிந்தவரிடம் கேட்டார்கள், விடை வந்ததும் ஏற்றுக்கொண்டார்கள். நம் மஹல்லாவில் நடந்தது முதல் படி மட்டும். மற்ற மூன்றும் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் குரல்பதிவு வந்து உட்கார்ந்துகொண்டது.

என் வாதம் வானியலைப் பற்றியது மட்டுமன்று. மார்க்கத்தின் பெயரால் செய்யப்படும் இந்த வியாக்கியானம் மார்க்கத்தின் சொந்த அளவுகோலிலேயே தோற்கிறது என்பதுதான் என் வாதம்.

பிறை விஷயத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். ரமழான் பிறையைக் கண்டேன் என்று ஒருவர் வந்து சொன்னால் உடனே தராவீஹைத் தொடங்கிவிடுகிறோமா? யார் கண்டது, எத்தனை பேர், எந்தத் திசை, எவ்வளவு உயரம், கொம்புகள் எப்பக்கம் சாய்ந்திருந்தன, சாட்சி சொல்பவர் நம்பத்தக்கவரா என்று கேட்கிறோம். தலைமை காஜியின் அறிவிப்புக்காக இரவு ஒன்பது மணி வரை காத்திருக்கிறோம். அதற்குப் பிறகும் ஒரே தெருவில் இரண்டு பெருநாள் கொண்டாடுகிறோம். உள்ளூர்ப் பிறையா, உலகப் பிறையா, கணக்கீடா என்று தமிழ் முஸ்லிம் சமுதாயம் எழுதித் தள்ளிய நூல்களை அடுக்கினால் ஒரு நூலகமே நிரம்பும். சிரியாவில் கண்ட பிறையைக் குறைப் (ரஹ்) வந்து மதீனாவில் சொன்னபோது இப்னு அப்பாஸ் (ரலி) அதை ஏற்காமல், தாம் கண்ட பிறைப்படியே நோன்பைத் தொடர்ந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தியை வைத்து இரு தரப்பும் வாதிடாத ஆண்டு உண்டா? ஒரு மாதம் தொடங்குவதற்கு இத்தனை விசாரணை கேட்கும் நாம், இந்த உலகமே முடிகிறது என்னும் செய்தியைப் பெயரில்லாத ஒரு குரலிடமிருந்து ஒரு கேள்வியுமின்றி வாங்கிக்கொள்கிறோம். ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (49:6) இட்ட கட்டளை பிறைக்கு மட்டும்தானா?

சரி, பறக்கும் தட்டுக் கதையின் இஸ்னாதை, அதாவது அறிவிப்பாளர் தொடரை, ஹதீஸ் கலை அறிஞர்கள் செய்வதுபோல் ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்போம்.

மூல அறிவிப்பாளர் கென்னத் ஆர்னால்டு என்னும் அமெரிக்க விமானி. 1947 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்து செல்லக் கண்டதாகச் சொன்னார். நீரின்மேல் வீசிய தட்டு தத்தித் தத்திச் செல்வதைப்போல் அவை நகர்ந்தன என்பது அவர் கூறிய உவமை. பத்திரிகைகள் அந்த உவமையையே உருவமாக்கி, "பறக்கும் தட்டு" என்று பெயர் சூட்டின. ஓட்டத்துக்குச் சொன்ன சொல் வடிவத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பின் வானைப் பார்த்தவர்கள் எல்லாரும் தட்டுகளையே கண்டார்கள். முதல் கண்ணியிலேயே பிழை.

அடுத்த கண்ணி பெர்முடா முக்கோணம். வின்சென்ட் காடிஸ் என்பவர் 1964இல் ஓர் அமெரிக்க வணிகப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையால் அப்பெயர் பரவிற்று. 1974இல் சார்லஸ் பெர்லிட்ஸ் எழுதிய நூல் அதை உலகெங்கும் கொண்டுபோயிற்று. மறு ஆண்டே அரிசோனாவைச் சேர்ந்த நூலகர் லாரி குஷ், ஒவ்வொரு கப்பலும் விமானமும் காணாமற்போன கதையை அந்நாளைய செய்தித்தாள்களோடு ஒப்பிட்டார். புயல் நாளை அமைதியான நாள் என்று எழுதியிருந்ததும், வேறு கடலில் மூழ்கிய கப்பலைப் பெர்முடாவில் சேர்த்திருந்ததும் அப்போது வெளிப்பட்டன. அவருடைய நூலை யார் படித்தார்கள்? பயம் விற்பதுபோல் திருத்தம் விற்பதில்லை.

மூன்றாம் கண்ணியில்தான் இது நம் வீட்டுக்குள் வருகிறது. 1990களில் எகிப்தில் முஹம்மத் ஈஸா தாவூத் என்னும் எழுத்தாளர், தஜ்ஜாலையும் பெர்முடாவையும் பறக்கும் தட்டுகளையும் ஒரே கயிற்றில் கட்டி அரபியில் நூல்கள் எழுதினார். பின்னர் உர்தூவில் அதே சரக்கு வந்தது. அப்படிப் பெர்முடாவையும் தஜ்ஜாலையும் இணைத்து உர்தூவில் எழுதியவர்களுள் ஒருவர் ஆஸிம் உமர். 2014இல் அல்காயிதாவின் இந்தியத் துணைக்கண்டக் கிளைக்குத் தலைவராக அறிவிக்கப்பட்டவர் அவர்தான். இதைப் பெற்றோர் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். இக்கதைகளைச் சொல்லுகிற எல்லாரும் அத்தகையவர் என்று நான் கூறவில்லை. பெரும்பாலோர் வெறும் பார்வை எண்ணிக்கைக்குப் பேசுகிறவர்கள். ஆனால், நாளை உலகம் முடியும் என்று நம்பிய இளைஞனுக்கு இன்றைய படிப்பும் தொழிலும் பெற்றோரும் அண்டை வீட்டாரும் பொருளற்றுப் போகிறார்கள். அந்த வெறுமையை நிரப்பக் காத்திருப்பவர்கள் யார் என்பதை அந்த ஒரு பெயரே காட்டுகிறது.

ஆக, நம் பிள்ளைகளுக்கு ஈமானின் பெயரால் ஊட்டப்படுவது அமெரிக்கக் கேளிக்கைப் பத்திரிகையின் சரக்கு. கெய்ரோவில் அதற்குத் தலைப்பாகை கட்டினார்கள். உர்தூவில் அத்தர் பூசினார்கள். தமிழில் தழுதழுத்த குரல் சேர்த்தார்கள்.

ஹதீஸ்களோடாவது இது பொருந்துகிறதா என்றால், அதுவும் இல்லை. தமீமுத் தாரீ (ரலி) ஒரு தீவில் தஜ்ஜாலைக் கண்ட நிகழ்ச்சியை ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) வழியாக முஸ்லிம் பதிவு செய்துள்ளார். அதன் முடிவில் நபி (ஸல்) அவர்கள் சுட்டிய திசை கிழக்கு. பெர்முடாவோ மதீனாவுக்கு மேற்கே, ஒரு பெருங்கடலின் மறுகரைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நவ்வாஸ் பின் ஸம்ஆன் (ரலி) அறிவிக்கும் நெடிய ஹதீஸிலோ அவன் வெளிப்படும் இடம் ஷாமுக்கும் இராக்கிற்கும் இடைப்பட்ட வழி. இவ்விரண்டில் எதிலும் அட்லாண்டிக் இல்லை. "காற்று விரட்டும் மேகத்தின் வேகம் என்று அதே ஹதீஸில் வருகிறதே, அது விண்கலம்தானே" என்பார்கள். அவனுடைய வேகம் எத்தகையது என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட உவமை அது. ஆர்னால்டின் தட்டுக்குப் பத்திரிகையாளர்கள் செய்ததையே இவர்கள் நபிமொழியின் மேகத்துக்குச் செய்கிறார்கள். பத்திரிகையாளர் செய்தால் அது பிழை. நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் சொன்னதாக ஆக்குவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது இந்தப் பேச்சாளர்களுக்குத் தெரியாததன்று. அதை எச்சரிக்கும் ஹதீஸ்களையும் அவர்களே மிம்பரில் ஓதுகிறார்கள்.

இன்னொரு கூட்டம், தஜ்ஜால் இல்லை, அவை ஜின்கள் என்கிறது. ஜின்களின் இருப்பை நாம் நம்புகிறோம், அதில் ஐயமில்லை. ஆனால் பாரிவாக்கத்து ஏரிக்கு மேலே அன்று தெரிந்தது இன்னது என்று சொல்ல ஜின் இருப்பதை நம்புவது மட்டும் போதாது, அறிவு வேண்டும். அறிவு இல்லாத ஒன்றின் பின்னே போகாதே, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்பது 17:36இன் கருத்து. பூமிக்கு அப்பாலும் அல்லாஹ் உயிரினங்களைப் பரப்பியிருக்கலாம் என்பதற்கு 42:29 இடம் தருகிறது என்று சொன்ன விரிவுரையாளர்களும் உண்டு. ஆகவே வேற்றுலக உயிர் என்றதும் நாம் பதறத் தேவையில்லை. பதற்றம் அங்கிருந்து வரவில்லை.

"அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டுவிட்டது" என்பது அடுத்த ஆயுதம். 2021 ஜூனில் வந்த அவர்களது அறிக்கை 144 நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும், காற்றிழந்த ஒரு பெரிய பலூன் என்று, உறுதியாக விளக்கியது. மற்றவற்றுக்குப் போதிய தரவு இல்லை என்றது. இதை எடுத்துக்கொண்டு, 143 விண்கலங்கள் என்று நம் ஆட்கள் பயான் செய்தார்கள். அடையாளம் தெரியாதது என்பதன் பொருள் அடையாளம் தெரியாதது; வேறொன்றுமில்லை. நம் நாட்டிலும் அப்படி உண்டு. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தருகே ஏதோ பறப்பதாகக் கண்டு விமானங்களைச் சில மணி நேரம் நிறுத்தினார்கள். விமானப்படையின் ரஃபேல்கள் தேடச் சென்றன. ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதோடு அறிக்கை முடிந்தது. அறியாத இடத்தில் நிறுத்திக்கொள்ளும் அந்த நேர்மை நமக்கு அந்நியமா? "அல்லாஹு அஃலம்" என்று ஒவ்வொரு ஃபத்வாவின் முடிவிலும் எழுதிய இமாம்களின் வழிவந்தவர்கள் நாம்.

அகப்பட்டவற்றின் கதையும் சுவையானது. 2022 ஏப்ரல் 2ஆம் தேதி மாலை, ரமழான் பிறை தேடி நாம் மாடிகளில் நின்றிருந்த அதே நாளில், மகாராஷ்டிர வானில் தீப்பிழம்புகள் வரிசையாகக் கடந்தன. சந்திரபூர் மாவட்டச் சிற்றூரில் பெரிய உலோக வளையம் விழுந்தது. அது சீன ஏவுகலம் ஒன்றின் மிச்சம் என்று வானியலாளர்கள் கணித்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 15 மாலை வங்காளத்திலும் வடகிழக்கிலும் மக்கள் வானில் ஒரு விசித்திர ஒளியைக் கண்டு பறக்கும் தட்டு என்று படம்பிடித்துப் பரப்பினார்கள். அன்று சோதிக்கப்பட்டது அக்னி-5 ஏவுகணை. அது புறப்பட்ட இடம் ஒடிசாக் கரையோரத்து அப்துல் கலாம் தீவு. இராமேஸ்வரத்துப் படகுக்கார மரைக்காயர் ஒருவரின் மகன் பெயரைத் தாங்கிய தீவிலிருந்து எழுந்த ஒளியைத் தஜ்ஜாலின் வாகனம் என்று நம்மவரில் சிலரும் பகிர்ந்தார்கள் என்பதை நினைக்கச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

பொய்யென்று தெரிந்தே செய்யப்படுவனவும் உண்டு. 2011 ஜனவரி 28 அன்று எருசலேமில், குப்பத்துஸ் ஸக்ராவின் மேல் ஓர் ஒளி இறங்கி நின்று சட்டென்று மேலேறிய காணொளி உலகைச் சுற்றியது. கிறிஸ்தவர்களில் சிலர் தங்கள் வேத முன்னறிவிப்பு என்றார்கள், நம்மில் சிலர் மஹ்தியின் அடையாளம் என்றார்கள். படத்தின் ஓரங்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒட்டப்பட்டிருந்ததை ஆய்ந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். கணினியில் செய்த ஒட்டுவேலையின் தடயம் அது. பதினான்கு ஆண்டு கழித்து அதே காணொளி, புதிய தேதியோடு, எங்கள் குழுவில் மறுபடியும் வந்தது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கிரகணம் பிடித்தபோது நபி (ஸல்) அவர்கள் கியாமத் நாள்தான் வந்துவிட்டதோ என்று அஞ்சியவர்களைப்போல் பதறி எழுந்ததாக அபூமூஸா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அப்படியானால் வானைக் கண்டு அஞ்சுவது சுன்னத்தல்லவா? அஞ்சுவது வேறு, அறிவிப்பது வேறு. அவர்கள் எழுந்து பள்ளிக்குச் சென்றார்கள், நெடுநேரம் தொழுதார்கள், இறைவனை நினைவுகூரவும் பாவமன்னிப்புக் கேட்கவும் ஏவினார்கள். அந்த அச்சம் அல்லாஹ்வை நோக்கியது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, அவர்களுடைய பச்சிளம் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரியன் மறைந்தது, கி.பி. 632 ஜனவரி 27 என்று வானியலார் கணக்கிடுகிறார்கள். இறைத்தூதரின் மகனுக்காகச் சூரியனே மறைந்தது என்று மக்கள் பேசினார்கள். மகனை அடக்கிய துயரத்தில் இருந்த தந்தை அந்தப் பேச்சை அப்படியே விட்டிருக்கலாம். அவருடைய தூதுத்துவத்துக்கு அதைவிட மலிவான விளம்பரம் கிடைத்திருக்காது. அவர்களோ, சூரியனும் சந்திரனும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் கொள்வதில்லை என்று மக்களைத் திருத்தினார்கள். தம் மகனின் மரணத்துக்கே வானத்தைச் சாட்சியாக்க மறுத்த நபியின் உம்மத்தில் இருந்துகொண்டு, யூடியூப் சேனலுக்கு வானத்தைச் சாட்சியாக்குகிறார்கள்.

இது முதல் முறையுமன்று. 1962 பிப்ரவரியில் எட்டுக் கோள்கள் கூடுவதால் உலகம் அழியும் என்று நாடே நடுங்கிற்று. 1979 ஜூலையில் ஸ்கைலாப் விழுகிறது என்ற பேச்சில், எங்கள் நன்னி வளர்த்த கோழிகளையெல்லாம் அறுத்துக் குழம்பு வைத்துவிட்டார். செத்தால் பசியோடு சாகக் கூடாது என்பது அவருடைய ஃபத்வா. ஸ்கைலாப் ஆஸ்திரேலியப் பக்கம் விழுந்தது. பிறகு ஆறு மாதம் வீட்டில் முட்டை இல்லை. நன்னி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 1997 மார்ச்சில் கலிபோர்னியாவில் நடந்ததைச் சொல்லிச் சிரிக்க முடியாது. ஹேல்-பாப் வால்மீனின் பின்னே விண்கலம் வருகிறது என்று நம்பிய 39 பேர் ஒரே வீட்டில் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள். அவர்களும் படித்தவர்கள், கணினி வேலை செய்து பிழைத்தவர்கள்.

அந்த வேளையின் அறிவு தன் இறைவனிடமே உள்ளது என்று சொல்லுமாறு நபிக்கே கட்டளையிடப்பட்டது (7:187). அது எப்போது என்று கேட்டு வந்தவரிடம், அதற்காக நீ என்ன தயாரித்து வைத்திருக்கிறாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 2015 டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் பாய்ந்த இரவில், கியாமத் வந்துவிட்டது என்று இப்பகுதியில் அழுதவர்கள் உண்டு. அன்று பள்ளிவாசல்களைத் திறந்து எல்லா மதத்தாரையும் படுக்கவைத்தவர்களும், இடுப்பளவு நீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்தவர்களும் அந்தக் கேள்விக்கு விடை எழுதினார்கள். அன்று யாரும் குரல்பதிவு அனுப்பவில்லை. கைபேசிகளில் மின்சாரம் இல்லை.

எங்கள் மஹல்லாவின் இமாமிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் ஜும்ஆவில் பத்து நிமிடம் பேசினார். குழுவை நடத்துபவர், அனுப்பியவரின் பெயரும் மூலமும் இல்லாத மார்க்கச் செய்திகளை இனி நீக்குவதாக ஒப்புக்கொண்டார். படம் எடுத்த சகோதரர் முதலில் என்மீது வருத்தப்பட்டார். பிறகு அவரே, வெள்ளி என்றைக்கு மறையும் என்று கேட்டு வந்தார். மார்ச் 23இல் அது சூரியனோடு சேரும், அதற்குச் சில நாள் முன்பே மாலை வானில் காணாமற்போகும் என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்.

மார்ச் 1ஆம் தேதி மஃரிபுக்குப் பின் மாடியில் பிறை பார்க்கக் கூடினோம். மெல்லிய பிறை, அதற்கு மேலே அதே ஒளி. தங்கை மகளும் வந்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒளியைக் காட்டி, "அக்கா, அதுதானே தஜ்ஜாலோட வண்டி?" என்றான்.

"வெள்ளிடா அது. பிறையைப் பாரு, அதைத்தான் பார்க்க வந்தோம்" என்றாள். துஆ ஓதி முடித்ததும், நாளை மறுநாள் தமிழ்த் தாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.